கைமாறிய கேம்களும் மூடிய கடைகளும்

வீடியோ கேம் கடைகள் ஏன் ஒவ்வொன்றாக மூடுகின்றன, டவுன்லோட் வந்ததுதான் காரணமா, அந்தக் கடைகளை நினைத்து ஏங்குவது வெறும் பழைய ஞாபகமா, இனி டிஸ்க் வாங்குவதில் பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நான்கு கேள்விகளும் ஒரே இடத்தில் போய் முடிகின்றன. அந்த இடத்தைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

டவுன்லோட் பாதிக் காரணம்தான். கேம் கடைகளுக்குச் சோறு போட்டது புதிய கேம் விற்பனை என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். உண்மையில் அவை பழைய கேம்களால் வாழ்ந்தன. ஒருவர் விளையாடி முடித்து விற்றதை வாங்கி அடுத்தவருக்கு விற்கும் தொழில் அது. வாங்கிய கேமைக் கைமாற்றும் உரிமை நம்மிடமிருந்து போனது. அதை நம்பி நின்ற கடையும் போனது. ஏக்கத்தில் பெரும்பங்கு அந்த உரிமைக்குச் சேர வேண்டியது என்பது என் கருத்து.

முதலில் கணக்கு. அமெரிக்காவின் மிகப் பெரிய கேம் கடைச் சங்கிலி கேம்ஸ்டாப். 2010களின் தொடக்கத்தில் அந்நிறுவனம் வெளியிட்ட ஆண்டறிக்கைகளைப் பார்த்தால் கதை புரியும். ஒரு புதிய கன்சோலை, அதாவது கேம் ஆடும் கருவியை, விற்றால் நூற்றுக்குப் பத்துகூட மிஞ்சாது. புதிய கேமில் இருபது சொச்சம். செகண்ட் ஹேண்ட் கேமில் மட்டும் ஏறத்தாழ பாதி லாபம். கன்சோலை அடக்க விலையை ஒட்டி விற்றது ஆளை உள்ளே வரவழைக்க. புதிய கேமை விற்றது, அது சில வாரங்களில் பழைய கேமாகத் திரும்பி வரும் என்பதற்காக. கடையின் உயிர் இருந்தது அந்தத் திரும்பி வரும் பெட்டியில்.

இதில் வாங்குபவருக்கும் ஆதாயம் இருந்தது. புதிய கேமை முழு விலைக்கு வாங்க முடியாத பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்கள் இரண்டு பழைய கேம்களைக் கவுன்டரில் வைத்து, கூடக் கொஞ்சம் காசு போட்டு மூன்றாவதை எடுத்துப் போனார்கள். ஒரே டிஸ்க் நாலைந்து வீடுகளைச் சுற்றி வரும். கடையில் விற்பதற்கு முன்பே அது பள்ளித் தோழர்களிடம் இரவலாகப் போய் வந்திருக்கும். டிஸ்கின் பின்புறக் கீறல்களைப் பார்த்தாலே அது எத்தனை கை பட்டது என்று ஓரளவு சொல்லிவிடலாம். பழைய கார்ட்ரிட்ஜை (கன்சோலில் சொருகும் கேம் பெட்டி) வாங்கிப் போட்டால் முன்னால் வைத்திருந்தவர் சேமித்துவிட்டுப் போன ஆட்டம் அப்படியே உள்ளே இருக்கும். அதை அழிக்க மனம் வராமல் அப்படியே விட்டவர்கள் உண்டு. காசில்லாத வீட்டுக்கும் கேம் வந்து சேர்ந்தது இந்த வழியில்தான்.

இந்தத் தொழிலைப் பெரிதாக வளர்த்தவர்களில் அமெரிக்காவின் ஃபங்கோலேண்ட் என்ற கடைச் சங்கிலி முக்கியமானது. பழைய கேம்களின் வாங்கும் விலை, விற்கும் விலையை நெருக்கமாக அச்சடித்த தாள்களை அது வாடிக்கையாளர்களிடம் கொடுக்கும். பிள்ளைகள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பேனாவால் வட்டம் போட்டுக் கணக்குப் பார்ப்பார்கள். எந்தக் கேமையும் கடையிலேயே போட்டுப் பார்த்துவிட்டு வாங்கலாம். கேம் இன்ஃபார்மர் என்ற பத்திரிகை 1991இல் இந்தக் கடையின் செய்திமடலாகத் தொடங்கியதுதான். 1984இல் டாலஸில் தொடங்கிய பாபேஜஸ் என்ற மென்பொருள் கடையின் வழிவந்த நிறுவனம் பின்னாளில் கேம்ஸ்டாப் ஆனது. ஃபங்கோலேண்ட் 2000இல் அதோடு சேர்ந்தது, ஈபி கேம்ஸ் என்ற இன்னொரு கடைச் சங்கிலி 2005இல் சேர்ந்தது.

கடைகளுக்கு ஒரு காலத்தில் எவ்வளவு அதிகாரம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1983இல் அமெரிக்கக் கேம் சந்தை சரிந்தது. 300 கோடி டாலரைத் தாண்டியிருந்த விற்பனை 1985இல் 10 கோடி அளவுக்கு விழுந்தது. அட்டாரி என்ற கேம் நிறுவனம் தன்னிடம் தேங்கிய கார்ட்ரிட்ஜ்களை நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ குப்பைக் கிடங்கில் புதைத்தது. 2014இல் அவற்றைத் தோண்டியும் எடுத்தார்கள். அந்தச் சரிவில் கடைக்காரர்கள் கையைச் சுட்டுக்கொண்டதால், வீடியோ கேம் என்ற சொல்லைக் கேட்டாலே கதவைச் சாத்தினார்கள். 1985இல் நியூயார்க்கில் தன் கன்சோலை இறக்கிய நின்டெண்டோ, அதைக் கேம் கருவி என்றே சொல்லவில்லை. ராப் என்ற சின்ன ரோபோவைக் கூடவே வைத்து விளையாட்டுச் சாமான் போலக் காட்டியது. விற்றதற்கு மட்டும் பணம் கொடுங்கள், விற்காததை நாங்களே திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்று கடைக்காரர்களுக்கு வாக்குக் கொடுத்தது. கடை அலமாரியில் இடம் கிடைக்காவிட்டால் அந்தத் தொழிலே மீண்டிருக்காது. அடுத்த இருபது ஆண்டுகளுக்கு எந்தக் கேம் கண்ணில் படும், எது மூலையில் கிடக்கும் என்பதைக் கடைகளே பெரும்பாலும் முடிவு செய்தன.

இந்த அமைப்பில் ஒருவருக்கு மட்டும் பழைய கேமால் ஒரு காசும் வரவில்லை: கேமை வெளியிட்ட நிறுவனத்துக்கு. செகண்ட் ஹேண்ட் விற்பனையில் அவர்களுக்குப் பங்கில்லை. நூல் பதிப்பாளருக்கும் இதே நிலைதான் என்பது நியாயமான பதில். பழைய கேமை விற்றுக் கிடைக்கும் தொகையில் பெரும்பகுதி மறுபடி புதிய கேம் வாங்கத்தான் போகிறது என்று கடைகளும் வாதாடின. ஆனால் ஒரு கேமின் தயாரிப்புச் செலவு பல கோடி டாலராக ஏறியபோது, ஒரே டிஸ்க் நான்கு பேருக்கு விற்கப்படுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வெளியீட்டாளர்களுக்குப் பொறுக்கவில்லை.

2010இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற வெளியீட்டு நிறுவனம் 'ஆன்லைன் பாஸ்' கொண்டுவந்தது. புதிய பெட்டிக்குள் ஒரு குறியீடு இருக்கும், ஒருமுறைதான் பயன்படும். பழைய டிஸ்க் வாங்கியவர் இணையத்தில் மற்றவர்களோடு ஆட வேண்டுமென்றால் 10 டாலர் தனியாகக் கட்ட வேண்டும். கடும் எதிர்ப்பு கிளம்பி, 2013இல் அதைக் கைவிட்டார்கள். அதே ஆண்டில்தான் பெரிய மோதல் நடந்தது. மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலை அறிமுகப்படுத்தியபோது, அது 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும், பழைய கேமை விற்பதற்கும் கொடுப்பதற்கும் கட்டுப்பாடுகள் உண்டு என்று அறிவித்தது. சோனி அதற்கு ஒரு சின்னக் காணொளியால் பதில் சொன்னது. பிளேஸ்டேஷன் 4 கேமைப் பிறரோடு பகிர்ந்துகொள்வது எப்படி என்று விளக்கும் காணொளி அது. ஒரு அதிகாரி பெட்டியை நீட்டுகிறார், இன்னொருவர் வாங்கி நன்றி சொல்கிறார், அவ்வளவுதான். ஜூன் 19, 2013 அன்று மைக்ரோசாஃப்ட் பின்வாங்கியது.

அன்று விளையாடுபவர்கள் வென்றார்கள் என்று எல்லோரும் எழுதினார்கள். எனக்கு அந்த வெற்றி மேலோட்டமானதாகவே படுகிறது. விதி போட்டுப் பறிக்க முடியாததை வசதி கொடுத்து வாங்கிவிட்டார்கள். கணினிப் பக்கம் அது எப்போதோ முடிந்திருந்தது. கணினிக் கேம்களை டவுன்லோடாகத் தரும் வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் 2003இல் வந்தது. அடுத்த ஆண்டு ஹாஃப் லைஃப் 2 என்ற கேம் வெளியானபோது, கடையில் பெட்டியாக வாங்கினாலும் ஸ்டீம் கணக்கில் பதிந்தால்தான் ஓடும் என்று வைத்தார்கள். ஒரு கணக்கில் ஏறிவிட்ட பெட்டியை யாரும் திரும்ப வாங்க மாட்டார்கள். எனவே கடைகளின் கணினிக் கேம் அலமாரி சுருங்கிச் சுருங்கிக் காணாமல் போனது. கன்சோல் பக்கம் இது மெதுவாக நடந்தது. 2009இல் டிஸ்க் இல்லாமல் வந்த பிஎஸ்பி கோ என்ற சோனியின் கையடக்கக் கருவி எடுபடவில்லை. 2019இல் டிஸ்க் டிரைவ் இல்லாத எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ் வந்தது. 2020இல் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ், பிளேஸ்டேஷன் 5 டிஜிட்டல் பதிப்பு இரண்டும் விலை குறைவான தேர்வாக வந்தன. 2024இல் பிளேஸ்டேஷன் 5 ப்ரோ உயர்ந்த விலையில் வந்தும் டிரைவைத் தனியாகத்தான் வாங்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் விலையைக் குறைத்தோ மெல்லப் பழக்கியோ வாங்கிய உரிமை இது. யாரும் தெருவில் இறங்கவில்லை.

இதற்கிடையில் டிஸ்கும் மாறிவிட்டது. பழைய கார்ட்ரிட்ஜில் கேம் முழுவதும் இருந்தது, சொருகினால் ஓடும். பிளேஸ்டேஷன் 4 காலத்தில் டிஸ்கில் இருப்பதைக் கன்சோலுக்குள் ஏற்றித்தான் ஆட முடியும்; பெரும்பாலும் வெளியான அன்றே திருத்தக் கோப்பு ஒன்றும் இறங்கும். 2022இல் வந்த கால் ஆஃப் டியூட்டி மாடர்ன் வார்ஃபேர் 2 கேமின் பிளேஸ்டேஷன் 5 டிஸ்கில் இருந்தது ஏறத்தாழ 70 மெகாபைட். மீதியெல்லாம் இணையத்திலிருந்து வர வேண்டும். பெட்டி வாங்கியவர் கையில் இருந்தது ஒரு சாவி மட்டுமே.

இன்னொரு காரணத்தை நிறையப் பேர் கவனிப்பதில்லை. ஃபோர்ட்நைட் 2017இல் வந்தபிறகு, கோடிக்கணக்கானவர்கள் ஆண்டுக்கணக்கில் ஒரே கேமை, அதுவும் இலவசமாக ஆடுகிறார்கள். அந்தக் கேமை ஆடப் பெட்டி வாங்கத் தேவையில்லை, அதற்கு முடிவும் கிடையாது. முடித்துவிட்டுத் திருப்பி விற்க எதுவுமில்லை. கடைக்கு மிஞ்சியது அந்தக் கேமின் உள்ளே செலவழிக்கப் பணம் ஏற்றும் அட்டைகள். டவுன்லோட் மட்டும் வந்து, எல்லோரும் மாதம் ஒரு கேமை முடித்துக்கொண்டிருந்தால் கடைகள் இன்னும் சில ஆண்டுகள் தாக்குப்பிடித்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

மற்றதை வேகமாகச் சொல்லிவிடலாம். பிரிட்டனில் 'கேம்' என்ற பெயரில் கடைச் சங்கிலி நடத்திய குழுமம் 2012 மார்ச்சில் திவால் நிர்வாகத்துக்குப் போனது. பிறகு கைமாறி, 2024இல் பழைய கேம் வாங்குவதையே நிறுத்தியது. உச்சத்தில் உலகெங்கும் 7,000-க்கும் மேற்பட்ட கடைகள் வைத்திருந்த கேம்ஸ்டாப்பிடம் 2025 தொடக்கத்தில் சுமார் 3,200 மிச்சம். 2021 ஜனவரியில் அதன் பங்கு விலை வானத்துக்குப் போன செய்தி உலகமெல்லாம் தெரியும். அதனால் கடைக்குள் நுழைபவர் எண்ணிக்கை கூடவில்லை. அலமாரிகளில் கேம்கள் இருந்த இடத்தைப் பொம்மைகளும் சட்டைகளும் பிடித்தன.

இனி ஏக்கத்துக்கு வருகிறேன். அதை லேசாக எடுத்துக்கொள்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

கடைக்குள் ஒரு குறிப்பிட்ட வகைக் கவனம் பழகியது. ஒரே ஒரு கேம் வாங்கும் காசோடு போனவர் அலமாரி முன்னால் நெடுநேரம் நிற்பார். பெட்டியின் பின்பக்கத்தில் நான்கு சிறிய படங்கள், ஐந்தாறு வரிகள். அதை வைத்து அடுத்த சில மாதங்களுக்கான துணையை முடிவு செய்ய வேண்டும். அப்படித் தேர்ந்தெடுத்த கேம் பிடிக்காமல் போனாலும் எளிதில் விடமாட்டோம். வேறு வழியில்லை என்பதால் திரும்பத் திரும்ப ஆடி, அதன் உள்ளே இருந்த நல்ல பகுதியைக் கண்டுபிடிப்போம். வீட்டுக்குப் போகும் வழியிலேயே கையேட்டைப் பிரித்துப் படித்துவிடுவோம். வரைபடம், எதிரிகளின் பெயர், யார் யாருக்கு என்ன உறவு எல்லாம் அதில் இருக்கும். ஸ்டீமில் 2024இல் மட்டும் 18,000-க்கும் மேற்பட்ட கேம்கள் வெளியாயின. வாங்கித் திறக்காமலே கிடக்கும் கேம்கள் ஏராளமானவர்களின் கணக்கில் இருக்கின்றன. அந்தப் பழைய பொறுமை நம் குணத்தில் இருந்தது என்று நினைக்கிறோம். அதில் பெரும்பங்கைக் கடையின் அளவான அலமாரி நமக்குத் தந்தது.

கடைக்காரர் என்ற மனிதரும் முக்கியம். நல்ல கடைக்காரர் நீங்கள் கையில் எடுத்ததைப் பார்த்து, "இது வேண்டாம், போன தடவை வாங்கினது பிடிச்சிருந்தா அதோ அதை எடுங்க" என்பார். விலை உயர்ந்ததைத் தவிர்க்கச் சொன்னால் அவருக்கு நட்டம். இருந்தும் சொன்னார், ஏனென்றால் நீங்கள் திரும்பி வரவேண்டும். டெமோ கன்சோல் முன்னால் முன்பின் தெரியாத இருவர் வரிசை போட்டு ஆடுவார்கள். ஒருவர் மாட்டிக்கொண்டு நிற்கும் இடத்தைப் பின்னால் நிற்பவர் சொல்லிக்கொடுப்பார். 2004இல் ஹேலோ 2 வெளியானபோது நள்ளிரவில் கடை வாசல்களில் கூட்டம் நின்றது. காத்திருந்தவர்கள் அங்கேயே நண்பர்கள் ஆனார்கள்.

எல்லாக் கடையும் அப்படி இருந்ததாகச் சொன்னால் அது பொய். பழைய கேமை அடிமாட்டு விலைக்கு எடுத்தவர்கள் உண்டு. முன்பதிவு செய்யுங்கள் என்று ஒவ்வொரு வாடிக்கையாளரையும் நச்சரிக்க ஊழியர்களுக்கு நெருக்கடி இருந்தது. உள்ளே வந்த பெண்ணிடம் யாருக்காக வாங்குகிறீர்கள் என்று கேட்டுப் புண்படுத்திய கடைகள் ஏராளம். பெரும்பாலான சிற்றூர்களுக்கு அந்தக் கடை வரவே இல்லை; அங்கே வளர்ந்தவருக்கு டவுன்லோட்தான் முதல் கேம் கடை. ஒரே மனிதர் உருவாக்கிய ஸ்டார்டியூ வேலி, சிறு குழு ஒன்று செய்த ஹாலோ நைட் போன்ற கேம்கள் அலமாரியில் இடம் கேட்டு நின்றிருந்தால் எத்தனை கடை கொடுத்திருக்கும்? டவுன்லோட் தந்த இந்த லாபம் உண்மையானது, அதைத் திருப்பிக் கொடுக்க நான் கேட்க மாட்டேன்.

ஆனால் இழப்பு எங்கே கனக்கிறது என்றால், கடை இல்லாத உலகில் ஒரு கேம் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டால் அது போயே போய்விடுகிறது. கடை மூடினாலும் அது விற்ற டிஸ்குகள் வீடுகளில் இருந்தன, சந்தையில் சுற்றின. நின்டெண்டோ 2023 மார்ச் 27 அன்று வீ யூ, 3டிஎஸ் கருவிகளுக்கான இணையக் கடையை மூடியபோது, அங்கே மட்டுமே டவுன்லோடாக வந்த கேம்களை வாங்க வழியே இல்லாமல் போனது. எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலையில் மூடியது. அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன் அந்நாட்டில் வெளியான கேம்களில் 87 விழுக்காடு அப்போது விற்பனையில் இல்லை. அவற்றை ஆட விரும்புபவருக்கு இருக்கும் நேர்மையான வழி, இன்னும் எங்கோ கைமாறிக்கொண்டிருக்கும் பழைய டிஸ்கும் கார்ட்ரிட்ஜும். பழைய கேம் கடை தெரியாமலேயே ஒரு ஆவணக்காப்பகமாக இருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் சுருக்கமாகப் பார்க்கலாம். பொருளாக ஒன்றை வாங்கியவர் அதை மறுவிற்பனை செய்யலாம் என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1908இல் ஒரு நூல் வழக்கில் நிலைநாட்டியது. பழைய கேம் விற்பது சரியே என்று ஜப்பான் உச்ச நீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்தது. அங்கே பழைய கேம் கடைகள் இன்றும் கூட்டத்தோடு நடப்பதற்கு அந்தத் தீர்ப்பு ஒரு காரணம். டவுன்லோடுக்கு இந்த உரிமை நீளவில்லை. ஸ்டீம் கேம்களை மறுவிற்பனை செய்யலாம் என்று 2019இல் பாரிஸ் நீதிமன்றம் ஒன்று சொன்னது. 2022இல் மேல்முறையீட்டில் அது கவிழ்ந்தது. கலிஃபோர்னியா 2024இல் ஒரு சட்டம் இயற்றியது: கிடைப்பது உரிமம் மட்டுமே என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற பொத்தானை வைக்கக் கூடாது. உண்மையைச் சொல்ல வைத்திருக்கிறது, உரிமையைத் திருப்பித் தரவில்லை.

டிஸ்க் இருந்தாலே போதும் என்றும் இல்லை. யூபிசாஃப்டின் தி க்ரூ 2014இல் டிஸ்கிலும் வந்த கார்ப் பந்தய கேம். அது எப்போதும் சர்வரோடு இணைந்தே ஓடும். 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தினார்கள். டிஸ்க் வைத்திருந்தவர்களும் ஆட முடியவில்லை. இதிலிருந்து கிளம்பிய 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம் ஐரோப்பாவில் தொடங்கிய மனு 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. கடைகளுக்காகக் கண்ணீர் விடுபவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இந்த இயக்கத்தை என்பேன்.

கடைசிக் கேள்வி, இனி டிஸ்க் வாங்கலாமா? வாங்கலாம், பார்த்து வாங்குங்கள். டிஸ்கிலேயே முழு கேமும் இருக்கிறதா, இணையம் இல்லாமல் ஏற்றி ஆட முடிகிறதா என்று வாங்கும் முன் தேடிப் பாருங்கள்; இதைச் சோதித்துப் பட்டியல் போடும் ஆர்வலர்கள் இருக்கிறார்கள். நின்டெண்டோ ஸ்விட்ச் 2-இல் 'கேம் கீ கார்டு' என்று பெட்டியின் முன்பக்கத்தில் போட்டிருந்தால் உள்ளே கேம் இல்லை. முதல்முறை இணையத்திலிருந்து இறக்க வேண்டும். ஆனாலும் அந்த அட்டையை விற்கலாம், இரவல் கொடுக்கலாம். சர்வர் இருக்கும்வரை அது கைமாறும். பெட்டிக்குள் வெறும் குறியீடு அச்சடித்த தாள் இருக்கும் வகையை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அதற்கும் டவுன்லோடுக்கும் வேறுபாடில்லை. கன்சோல் வாங்கும்போது விலை வேறுபாடு தாங்குமென்றால் டிரைவ் உள்ளதை எடுங்கள். முடித்த கேமை அலமாரியில் பூட்டி வைக்காமல் யாருக்காவது கொடுங்கள் அல்லது விற்றுவிடுங்கள். பழைய கேம் வாங்கி விற்கும் சிறு கடைகள் இன்றும் பிழைப்பது அப்படித் திரும்பி வரும் பெட்டிகளால்தான்.